ஒரே இலையில் சோறு

கிளிநொச்சி, 13.8.66

நெற்செய்கைப் பயிற்சிக்குப் பிலிப்பைன்ஸ் போக எங்கள் விவசாயக் கந்தோரில் ஒருவருக்குத்தான் இடம். அதற்காக, இங்கே வந்திருக்கும் அந்த நாட்டு நெல் நிபுணரின் மனைவியிடம் ஆறு மாதம் அவர்களின் மொழி படித்தோம்; ஆளைத் தெரிவு செய்வதும் அவர்தான். பரீட்சையில் நானே முதல்.

இன்று அவர்களின் வழக்கப்படி விருந்து. நீள வாழையிலையில் குவித்த சோற்றை எல்லோரும் கையால் அள்ளித் தின்ன வேண்டும். எதிரே, எங்களோடு படித்த முல்லைத்தீவு மீன்பிடிக் குடும்பத்து அந்தோனி. அவனுக்குப் பாதிச் சொல் வராது. விரலை நக்கிவிட்டு மறுபடி அள்ளினான். என் கை போகவில்லை. பசியில்லை என்று அவர்களின் மொழியில் பிழையில்லாமல் சொன்னேன்.

விருந்து முடிய, அந்தோனிதான் போகிறான் என்றார் அந்த அம்மா.

வாசலில் அந்தோனி கேட்டான். “எச்சில் எண்டோ சாப்பிடேல்லை அண்ணை, இல்லாட்டி நான் எண்டோ?”

சைக்கிளை எடுத்தேன்.

“அங்க சாப்பிட்டனீங்களோ?” என்றாள் மனைவி. இல்லை என்றேன். “நல்லது” என்று மகிழ்ந்து, எனக்குத் தனி இலை போட்டாள்.