ஆமென் சொல்ல ஓர் ஆள்

என் பிரியமுள்ள எஸ்தர் அக்கா,

நீ இருக்கிற இடத்தில் சுகமா என்று கேட்பது பைத்தியக்காரத்தனம். ஆனாலும் அதைக் கேட்காமல் எனக்குக் கடிதம் எழுதத் தெரியாது. இங்கே நான் சுகம். முழங்கால் மட்டும் சொன்ன பேச்சைக் கேட்பதில்லை. ஜெபத்துக்கு மண்டியிட்டால் எழுந்திருக்கக் கட்டில் காலைப் பிடிக்க வேண்டியிருக்கிறது. பிடிப்பது உன் கட்டில் காலைத்தான். அதை இன்னும் யாரும் எடுத்துக்கொண்டு போகவில்லை.

உனக்கு ஒரு சேதி. இந்த மாதக் கடைசியோடு எனக்கு ஓய்வு. நாம் இருவரும் குடியிருந்த இந்தச் சபைக் காம்பவுண்டு அறையைக் காலி செய்து கொடுக்க வேண்டும். வண்டியூரில் இருக்கிற என் சித்தி மகன் தன் வீட்டு மாடியில் ஓர் அறையை ஒழித்துத் தருகிறேன் என்றிருக்கிறான். நல்ல பையன். "நீங்க பாட்டுக்கு இருங்கக்கா, உங்கள யாரும் தொந்தரவு பண்ண மாட்டாங்க" என்றான். தொந்தரவு பண்ண ஆள் இல்லாமல்தானே அக்கா நீ போனதிலிருந்து தவிக்கிறேன்? அதை அவனிடம் எப்படிச் சொல்ல?

ஊழியத்துக்கு வந்த புதிதில் உன்னை 'நீங்க' என்றுதான் கூப்பிட்டேன். "அக்காங்கிற, அப்புறம் என்னடி நீங்க நோங்க?" என்று சிடுசிடுத்தாய். அன்றிலிருந்து நீ 'நீ'தான். இப்போது என்னை 'டீ' போட்டுக் கூப்பிட இந்த மதுரையில் ஒருவரும் இல்லை. எல்லோருக்கும் நான் அம்மா, டீச்சர், சிஸ்டர். மரியாதைக்குக் குறைச்சல் இல்லை.

சபைப் பதிவில் நம் வேலைக்குப் பெயர் பைபிள் உமன். ஊர்ச் சனங்களுக்கு நாம் பைபிள்காரம்மா. தோளில் ஒரு பை, கையில் குடை, பைக்குள் வேதப்புத்தகமும் தண்ணீர் பாட்டிலும். வீடு வீடாகப் போய் சுகம் விசாரித்து, கேட்கிறவர்களுக்கு வசனம் சொல்லி, ஜெபம் பண்ணிவிட்டு வருவோம். ஒருத்தியாகப் போகக் கூடாது, இருவராகத்தான் போக வேண்டும் என்பது நமக்கு முந்தினவர்கள் வைத்த ஒழுங்கு. நீ ஜெபிப்பாய். நான் ஆமென் சொல்வேன். நமக்குள் வேலைப் பிரிவினை அவ்வளவுதான்.

உன் ஜெபத்துக்கு ஒரு வரிசை உண்டு. முதலில் அந்த வீட்டுக்காக ஸ்தோத்திரம். பிறகு நோயாளிகள், பரீட்சை எழுதுகிற பிள்ளைகள், வேலையில்லாதவர்கள், ஆடு மாடு. கடைசியில் மழை. ஒவ்வொன்றுக்கும் நடுவில் "ஆண்டவரே" என்று சொல்லித் தொண்டையைச் செருமி ஒரு நீண்ட மூச்சு இழுப்பாய். அந்த மூச்சில் நான் எத்தனையோ தடவை ஏமாந்திருக்கிறேன். முடிந்துவிட்டதாக்கும் என்று ஆமென் போட்டுவிடுவேன். பஸ் ஏறியதும் ஆரம்பிப்பாய்.

"ஏண்டி, அந்தப் பிள்ளைக்கு நான் இன்னும் மாப்பிள்ளையே கேக்கல. அதுக்குள்ள ஆமென் போட்டுக் கதவச் சாத்திட்டியே!"

"நீ மூச்சு வாங்குன. முடிஞ்சிருச்சுன்னு நெனச்சேன்."

"நெனப்ப, நெனப்ப. வயித்துல பசி வந்தா உனக்கு எல்லா ஜெபமும் முடிஞ்சிரும்."

கண்டக்டர் உட்பட பஸ்ஸே சிரிக்கும். எனக்கு அப்போது கோபம் பொத்துக்கொண்டு வரும். இப்போது அந்த ஏச்சைக் காசு கொடுத்தாவது வாங்கிக்கொள்ள மாட்டோமா என்று இருக்கிறது.

நீ போனபின் உன் இடத்துக்கு இன்னொருத்தியை அனுப்புவார்கள் என்று காத்திருந்தேன். இந்த வேலைக்கு இப்போது யாரும் வருவதில்லையாம். சரி, தனியாகப் போனேன். உன்னை அடக்கம் பண்ணியபின் முதல் வீடு, கோச்சடைப் பக்கம். கால் முறிந்து கிடந்த ஒரு பெரியவருக்காக உன்னைப்போலவே நீளமாக ஜெபித்தேன். முடித்தேன். ஒரு சத்தமும் இல்லை. அந்த வீட்டார் இந்துக்கள், கைகட்டி மரியாதையாக நின்றார்கள். ஆமென் சொல்ல வேண்டும் என்று அவர்களுக்கு எப்படித் தெரியும்? அடுத்த வீட்டில் மிக்ஸி ஓடிக்கொண்டிருந்தது. கடைசியில் நானே ஆமென் சொல்லிக்கொண்டேன். தன் முதுகைத் தானே தட்டிக்கொடுத்ததுபோல வெட்கமாக இருந்தது அக்கா.

அன்றிலிருந்து எல்லா வீட்டிலும் அப்படித்தான். ஜெபம் முடிந்ததும் ஒரு மௌனம் வரும். அதில் நான் ஒருத்தி மட்டும் உட்கார்ந்திருப்பேன். பிறகு நானே சொல்லிக்கொண்டு எழுந்து வருவேன்.

போன வாரம் போதகர் கூப்பிட்டு அனுப்பினார். நம் சபைக்கு இப்போது வந்திருப்பவர் சின்ன வயது, சுறுசுறுப்பு. "சுகிர்தம் அம்மா, உங்க பணி நிறைவு ஆராதனைல யாராச்சும் ஒருத்தர் எந்திரிச்சு சாட்சி சொல்லணும். உங்க ஊழியத்தால ஆண்டவர ஏத்துக்கிட்டவங்க. ஒரே ஒரு ஆள் போதும்" என்றார். அதற்கென்ன ஐயா, பார்க்கிறேன் என்று வந்துவிட்டேன்.

அறைக்கு வந்து உட்கார்ந்து யோசித்தேன். சமயநல்லூரில் ஞானஸ்நானம் எடுத்த தையல்காரர் குடும்பம் திருப்பூருக்குப் போய்விட்டது. போன் நம்பரும் மாறிவிட்டது. நீ தூக்கி வளர்க்காத குறையாகப் பார்த்துக்கொண்ட அந்த ரோஸி, பைபாஸ் பக்கம் புதிதாக வந்திருக்கிற ஜெபக் கூடத்துக்குப் போகிறாள். கூப்பிட்டுப் பார்த்தேன். "அன்னைக்கு எங்களுக்கு உபவாசக் கூட்டம் இருக்கே ஆன்ட்டி" என்றாள். மற்றவர்கள் உனக்கு முன்னாலேயே கண்மூடி அங்கே வந்துவிட்டவர்கள், உனக்கே தெரியும். ஒரே ஒரு ஆள், அக்கா. இத்தனை காலம் செருப்புத் தேய நடந்ததற்கு ஒரே ஒரு ஆள் எனக்கு அகப்படவில்லை. அன்றைக்கு அழுதேன். மறைக்க என்ன இருக்கிறது?

மறுநாள் வீராயியைப் பார்த்துச் சொல்லிவிட்டு வரலாம் என்று பரவைக்குக் கிளம்பினேன். சாட்சிக்குக் கூப்பிட அல்ல. அவள் எங்கே சாட்சி சொல்ல?

மார்க்கெட்டில் மல்லித்தழையும் புதினாவும் விற்கிற வீராயியை நீ மறந்திருக்க மாட்டாய். அவள் மகனுக்கு மஞ்சள் காமாலை வந்தபோது நாம் முதல்முதலாக அந்த வீட்டுக்குள் போனோம். "வந்து கும்புட்டுட்டுப் போங்க. ஆனா என்னிய மாத்துற சோலி மட்டும் வேணாம்" என்று வாசலிலேயே சொல்லிவிட்டாள். அந்த வார்த்தையை இன்றுவரை காப்பாற்றுகிறாள். நாம் ஜெபிக்கும்போது ஒருநாளும் கைகூப்பியதில்லை, கண்மூடியதில்லை. அவள் பாட்டுக்குத் தழையைக் கட்டுக் கட்டாகக் கட்டிக்கொண்டிருப்பாள்.

மாரியம்மனுக்குப் பொங்கல் வைக்கிற அன்றைக்கு நீ அந்தத் தெருவையே எட்டிப் பார்க்க மாட்டாய். அவளோ மறுவாரம் நம்மைப் பிடித்து உட்கார வைத்து, "சாமிக்குப் படைக்கிறதுக்கு முந்தியே உங்களுக்கு எடுத்து வச்சேன். நீங்க வந்தாத்தானே! இந்தாங்க, இன்னைக்கு வச்ச சோறு, யாருக்கும் படைக்கல, தைரியமாத் தின்னுங்க பெரியக்கா" என்பாள். உனக்குச் சிரிப்பை அடக்க முடியாது. ஆனாலும் அவளுக்காக நீ உபவாசம் இருந்ததை நான் பார்த்திருக்கிறேன். ஆஸ்பத்திரியில் கடைசியாக நீ விசாரித்ததும் அவளைத்தான். "வீராயி மட்டும் ஆண்டவர்கிட்ட வந்திருந்தா..." என்றாய். மேலே சொல்லவில்லை.

காளவாசல் நெரிசலில் நின்றுகொண்டே பயணம். போய்ச் சேரும்போது உச்சி வெயில். அவள் மார்க்கெட்டை முடித்து வந்து, மிஞ்சிய தழையைப் பிரித்து உட்கார்ந்திருந்தாள்.

"வாங்க சின்னக்கா. என்ன, மொகம் வாடிக் கெடக்கு?"

"இந்த மாசத்தோட சரி வீராயி. இனிமே ஊழியத்துக்கு வர மாட்டேன். ஓய்வு குடுத்துட்டாங்க."

"ஆண்டவனுக்கு வேல பாக்குறதுக்குமா வயசு பாப்பாக?" என்று கேட்டுவிட்டு ஒரு சொம்பு மோர் கொண்டுவந்து வைத்தாள்.

குடித்தேன். வழக்கம்போல ஜெபித்தேன். அவள் வழக்கம்போலத் தழை கட்டினாள். முடித்ததும் அந்த மௌனம் வந்தது. நானே ஆமென் சொல்ல வாயைத் திறந்தேன், சத்தம் வரவில்லை. கண்ணில் தண்ணீர் கொட்டுகிறது. மானம் போகிறதே என்று முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டேன்.

வீராயி கையிலிருந்த கட்டைக் கீழே வைத்தாள். "இம்புட்டு வருசமா எங்களுக்காகக் கேட்டீக. பெரியக்கா போனபெறகு உங்களுக்காக யாரு கேக்குறா?"

"யாரும் இல்ல வீராயி."

அவள் எழுந்து கையைக் கழுவிவிட்டு வந்தாள். சேலையைத் தலைக்கு முக்காடு போட்டுக்கொண்டு என் எதிரே உட்கார்ந்தாள். "கண்ண மூடுங்க. இன்னைக்கு நான் கேக்குறேன்."

அக்கா, கேள். "ஆண்டவரே" என்றாள். தொண்டையைச் செருமினாள். ஒரு நீண்ட மூச்சு இழுத்தாள். எனக்கு மயிர்க்கூச்செறிந்தது.

"இந்த வீட்டுக்காக ஸ்தோத்திரம். இந்தச் சின்னக்காவுக்காக ஸ்தோத்திரம். ஆண்டவரே... அதுக்கு முட்டி வலிக்குது, தொட்டுச் சொகமாக்கணும். ஆண்டவரே... பரிச்ச எழுதுற பிள்ளைகளுக்கு ஞாபக சக்தி குடுக்கணும்." அந்த வீட்டில் பரீட்சை எழுத இப்போது யார் இருக்கிறார்கள்? மகன் லோடு ஆட்டோ ஓட்டுகிறான். ஆனால் உன் வரிசையில் நோயாளிக்குப் பிறகு பரீட்சைதானே வரும்? தழை கட்டிக்கொண்டே அத்தனையையும் கேட்டிருக்கிறாள், பாவி. வேலையில்லாதவர்கள் வந்தார்கள். ஆடு மாடு வந்தது. "ஆண்டவரே" என்று மறுபடி செருமி மூச்சு இழுத்தாள்.

நான் ஆமென் என்றேன்.

"ஏக்கா, மழைக்கு இன்னும் கேக்கலையே! அதுக்குள்ள என்ன ஆமென்?"

அழுகிறேனா சிரிக்கிறேனா என்று எனக்கே தெரியவில்லை. நீதான் வந்து எதிரே உட்கார்ந்து ஏசுகிறாய் என்று இருந்தது. அவள் விட்ட இடத்திலிருந்து தொடர்ந்தாள். "மழ பெய்யணும். இந்தச் சின்னக்காவ ஒத்தையில விட்றாதீக. ஏசு சாமி, நீங்களும் கேட்டுக்கங்க. எங்க மாரியாத்தா, நீயும் கேட்டுக்க. ரெண்டு பேருமாச் சேந்து பாத்துக்கங்க."

அதோடு நிறுத்திக்கொண்டாள். கண்ணைத் திறக்கவில்லை. காத்துக்கொண்டிருந்தாள்.

முதல் ஆமென் பழக்கத்தில் வாயிலிருந்து விழுந்தது. அதற்கு நான் பொறுப்பில்லை. இது அப்படி அல்ல. நீயாக இருந்தால் என்ன செய்திருப்பாய்? பையை எடுத்துக்கொண்டு எழுந்திருப்பாயா? நான் படித்த வேதத்துக்கும் இது ஒத்துவராது, தெரியும். ஆனால் ஜெபம் முடிந்ததும் வருகிற அந்த மௌனம் எப்படிப்பட்டது என்றும் எனக்குத் தெரியும் அக்கா. எனக்காகக் கேட்டவளை அதில் தனியாக உட்கார வைக்க மனம் வரவில்லை.

தெரிந்தே சொன்னேன். சத்தமாகவே சொன்னேன். ஆமென்.

அவள் முக்காட்டை எடுத்துவிட்டு, மறுபடி தழை கட்ட உட்கார்ந்துவிட்டாள். "வாரவாரம் வியாழக்கெழம வந்துருங்க. ஓய்வாமில்ல ஓய்வு, இங்க வந்து நாலு கட்டுக் கட்டுங்க" என்றாள்.

திரும்பி வந்து போதகரிடம் சொன்னேன், ஆள் கிடைத்துவிட்டது என்று. "ஞானஸ்நானம் எப்ப எடுத்தாங்க?" என்று கேட்டார். எடுக்கவில்லை என்றேன். நடந்ததை ஒன்று விடாமல் சொன்னேன். பேனாவை மூடி வைத்துவிட்டு, "வேற யாராச்சும் பாப்போமே அம்மா" என்றார். அவர்மேல் எனக்குக் கோபம் இல்லை. வேறு யாரும் இல்லை ஐயா, சாட்சியை நானே சொல்லிக்கொள்கிறேன் என்று எழுந்து வந்துவிட்டேன். என்ன சொல்லப் போகிறேன் என்று அவர் கேட்கவில்லை.

பணி நிறைவு ஆராதனை நடக்கிற ஞாயிற்றுக்கிழமை மைக்கைப் பிடித்து வீராயி எனக்காக ஜெபித்ததைச் சொல்லுவேன். கடைசி வரியையும் விடமாட்டேன். சபை ஆமென் சொல்லுமோ சொல்லாதோ. உனக்கு என்மேல் வருத்தமா அக்கா? இல்லை, அங்கே போனபின் உனக்கு இதெல்லாம் வேறு மாதிரித் தெரிகிறதா? நேரில் வந்துதான் கேட்டுக்கொள்ள வேண்டும்.

வண்டியூரிலிருந்து பரவைக்கு இரண்டு பஸ் மாற வேண்டும். வியாழக்கிழமைதோறும் போவேன். தழை கட்டக் கற்றுக்கொள்வேன். அவள் ஜெபித்தால் நான் ஆமென் சொல்வேன். உனக்கு ஒன்று மட்டும் வாக்குக் கொடுக்கிறேன்: இனிமேல் மழைக்குக் கேட்கிறவரை வாயைத் திறக்க மாட்டேன்.

இப்படிக்கு,
எப்போதும் உன்னை முந்திக்கொள்கிறவளும், உன் பின்னாலேயே வருகிறவளுமான
உன் தங்கச்சி,
சுகிர்தம்