பாண்டு செட்டுக்குச் சொல்லும் வார்த்தை

பம்பாய்,
ஜூலை 1988

அன்புள்ள மாரியாத்தாளுக்கு,

நீயும் பாப்பாவும் சுகமா? அத்தைக்கு மூட்டுவலி குறைந்ததா? எனக்கு ஒரு குறையும் இல்லை.

எங்கள் பாண்டு செட் முதலாளி போன மாதம் காலமானார். பெரிய டிரம் அடித்தவர் அவர்தான். சுடுகாடு வரை வாசித்துக்கொண்டே போனோம். அந்த டிரம்மை மட்டும் யாரும் தொடவில்லை. அதன் அடி விழவேண்டிய இடத்தில் எல்லோரும் காலைத் தரையில் தட்டினோம்.

கல்யாண மண்டபத்தில் பாண்டு செட்டுகளின் பெயர் எழுதிய பலகை உண்டு. இப்போது எங்கள் பெயருக்கு எதிரே ‘டிஃபங்க்ட்’ என்று இங்கிலீஷில் எழுதிவிட்டார்கள். என்னோடு அறையில் தங்கியிருக்கும் ராஜபாளையத்து நம்பியிடம் அர்த்தம் கேட்டேன்.

“முன்னால இருந்து, இப்ப இல்லாமப் போனதுன்னு அர்த்தம்ணே. கம்பெனிக்கு, பாண்டு செட்டுக்கெல்லாம் சொல்லுவாக. உசுரோட இருக்கிற ஆளுக்குச் சொல்ல மாட்டாக” என்றான்.

அதனால் நீ கலங்காதே. வேறு செட்டில் கேட்டிருக்கிறேன். செட் கலைந்து, பாண்டு உடுப்பைத் திருப்பிக் கொடுத்துவிட்டதால் வெளியே போட்டுப்போக நல்ல சட்டை இல்லை. பெட்டியில் கிடக்கும் என் நீலச் சட்டையை அனுப்பு. துவைக்க வேண்டாம், நம் வீட்டு வாசனையோடு அப்படியே அனுப்பு.

ஆண்டாள் தேருக்குப் பாப்பாவைக் கூட்டிப் போ. அங்கே பாண்டுச் சத்தம் கேட்டு அவள் என்னைத் தேடினால், இல்லாமல் போனது செட் மட்டும்தான் என்று சொல்.

தபால் எடுக்க ஆள் வந்துவிட்டார்.

உன்
சமுத்திரம்