மூன்றாவது கூப்பாடு

அண்ணாத்தே,

இன்று காலை கிணற்றில் தண்ணீர் சிவந்து ஏறியது. நேற்று சுகாதார இன்ஸ்பெக்டரும் அவர் ஆளும் வந்து, வாளியில் ஊதா மருந்தைக் கரைத்து உள்ளே கொட்டிவிட்டுப் போயிருந்தார்கள். ஒரு செம்பு மொண்டு முகத்தருகே கொண்டுபோனேன். அந்தத் துரு வாடை. மறந்துவிட்டேன் என்றுதான் இத்தனை வருஷமாக நினைத்துக்கொண்டிருந்தேன். எனக்கு முன்னால் என் மூக்கு நினைத்துக்கொண்டது. செம்பைக் கிணற்று மேடையிலேயே வைத்துவிட்டு உட்கார்ந்துவிட்டேன்.

மறுபடியும் வாந்திபேதி வந்திருக்கிறது. ஆவடிப் பக்கம் ஆரம்பித்து, நம் அம்பத்தூர் ஏரிக்கரை வரைக்கும் வந்துவிட்டதாம். தண்டோரா போடுகிறவன் காலையும் மாலையும் தண்ணீரைக் காய்ச்சிக் குடிக்கச் சொல்லிவிட்டுப் போகிறான். எனக்கு இப்போது எழுபத்து நாலு. பயப்படுவதற்குக்கூட அசதியாக இருக்கிறது.

அந்தத் தடவை அப்படி இல்லை. அப்போது நமக்குப் பயப்படத் தெம்பு இருந்தது.

நம் பழக்கமே ஒரு மூடிய கேட்டில்தான் ஆரம்பித்தது. நான் ரயில்வே கேட்காரன். நீ பூந்தமல்லியிலிருந்து மல்லிகைக் கூடைகளை ஸ்டேஷனுக்கு ஏற்றிவரும் வண்டிக்காரன். ரயில் எங்கேயோ திருநின்றவூரில் இருக்கும். நீ இங்கே நுகத்தடியில் நின்றுகொண்டு, "பூ வாடுது, தொறடா கஸ்மாலம்" என்று கத்துவாய். ஏரியின் அந்தக் கரையில் துணி துவைக்கிறவர்கள் திரும்பிப் பார்ப்பார்கள். அப்படி ஒரு தொண்டை உனக்கு. நான் அசைய மாட்டேன். ரயில் போன பிறகுதான் கேட், அது சட்டம். சட்டத்தைப் பிடித்துக்கொண்டு நிற்பதில் எனக்கு அப்போதே ஒரு சுகம்.

வேலையை விட்ட பிறகு நீயும் நானும் ஒரே தெருவில் பக்கத்துப் பக்கத்து வீட்டுக்காரர்கள் ஆனோம். நடுவில் ஒரு காட்டாமணக்கு வேலி, அவ்வளவுதான். அந்த வருஷம் நோய் வந்ததும் என் மகன் குடும்பத்தோடு வானகரத்துக்குப் போனான். உன் பிள்ளைகள் நெமிலிச்சேரிக்குப் போனார்கள். மாட்டையும் வீட்டையும் பார்த்துக்கொள்ளக் கிழங்கள் நாம் இரண்டு பேரும் தங்கினோம். போகும்போது என் மகன், "வயசான காலத்துல இன்னாத்துக்கு நைனா இம்மாம் பயம்?" என்று கேட்டுவிட்டுப் போனான். வயசான காலத்தில்தான் பயம் என்று அவனுக்கு எப்படித் தெரியும்.

விடிந்ததும் வேலிக்கு அந்தப் பக்கத்திலிருந்து நீ கேட்கும் முதல் கேள்வி ஞாபகம் இருக்கிறதா?

"எத்தினி தபா போன?"

"ஒரு தபாதான்."

"கெட்டியா?"

"கெட்டிதான் அண்ணாத்தே."

"நாக்க நீட்டு பாக்கலாம்."

நான் நீட்டுவேன். அப்புறம் நீ நீட்டுவாய். இரண்டு கிழவர்கள் வேலிக்கு இரண்டு பக்கமும் நாக்கை நீட்டிக்கொண்டு நிற்போம். நீ மோரை விட்டாய், கீரையை விட்டாய், கடைசியில் சாம்பாரையும் விட்டாய். நான் ராத்திரிச் சோற்றை விட்டேன். பசியில் வயிறு இரைந்தால், வந்துவிட்டது என்று இரண்டு பேருமே படுத்துக்கொள்வோம். பாதம் சில்லிட்டிருக்கிறதா என்று தொட்டுத் தொட்டுப் பார்த்து உன் பாதமே தேய்ந்துபோயிருக்கும்.

ஒருநாள் சாவு வண்டி தெருவில் போவதைப் பார்த்துவிட்டு நீ சொன்னாய்: "எனக்கு சாவுறது பயம் இல்ல மாணிக்கம். இவனுங்க தூக்கிப் போட்டுகினு போறதுக்கு முன்னால, தெரிஞ்ச கையால ஒரு வாய் தண்ணி. அதான் வோணும்." நான் உன் கையில் அடித்துச் சத்தியம் செய்தேன். நீயும் எனக்குச் செய்தாய். யாருக்கு வந்தாலும் மற்றவனைக் கூப்பிட வேண்டும், மற்றவன் வர வேண்டும். அன்றைக்கு ராத்திரி நான் நன்றாகத் தூங்கினேன்.

இரண்டு நாள் கழித்துப் பூந்தமல்லிச் சந்தையிலிருந்து நீதான் அந்தச் சங்கதியைக் கொண்டுவந்தாய்.

"வாசல்ல வந்து பேரச் சொல்லிக் கூப்புடுவாளாம். ஏன்னு பதில் குடுத்தா ஆள் காலியாம்."

"யாரு?"

"இந்த நோவக் கொண்டாறவ. அவ பேர நான் ஏன் சொல்றேன். ஆர் குரல்ல வோணா கூப்புடுவாளாம். ஆனா ரெண்டு தபாதான், மூணாவது தபா அவளால கூப்புட முடியாதாம். அதனால மூணாவது கூப்பாட்டுக்குத்தான் வாயத் தொறக்கணும். நானே கூப்ட்டாலும் அப்படித்தான், தெரிதா?"

எனக்கு அது ரொம்பப் பிடித்துப்போயிற்று. கையில் ஒரு சட்டம் கிடைத்துவிட்டது.

அந்த வெள்ளிக்கிழமை நடுப்பகல். காலையில் வேலிப்பக்கம் நீ வரவில்லை. தூங்குகிறாய் என்று எண்ணிக்கொண்டேன். நான் போய்ப் பார்க்கவும் இல்லை. கதவைத் தாழிட்டு உள்ளே உட்கார்ந்திருந்தேன். வெளியே, "மாணிக்கம்" என்று ஒரு குரல்.

உன் குரல்தான். ஆனால் மெலிந்து, நூல் மாதிரி இருந்தது. உன் தொண்டையா இது, அவள்தான் உன் குரல் சரியாக வராமல் கூப்பிட்டுப் பார்க்கிறாள் என்று நினைத்தேன். வாயை மூடிக்கொண்டேன். கொஞ்ச நேரம் கழித்து மறுபடியும், "மாணிக்கம்." எழுந்துபோய்த் தாழ்ப்பாளில் கையை வைத்துக்கொண்டு நின்றேன். இன்னும் ஒன்று, இன்னும் ஒரே ஒன்று என்று காத்திருந்தேன். வெளியே ஒரு காக்கை கத்தியது. அப்புறம் ஒன்றும் இல்லை.

அவள் என்று நினைத்தேன் என்பது பாதி நிஜம். மீதிப் பாதியை இன்றைக்காவது சொல்லிவிடுகிறேன். நீதான் என்று எனக்குத் தெரியும். நோயோடு வந்திருக்கிறாய் என்றும் தெரியும். திறக்காமலிருக்க எனக்கு ஒரு சட்டம் வேண்டியிருந்தது. அதையும் நீயே கொண்டுவந்து கொடுத்திருந்தாய்.

பொழுது சாய உன் மாடுகள் தண்ணீருக்குக் கத்தின. விடாமல் கத்தின. அப்புறம்தான் கதவைத் திறந்தேன். என் வாசல் சுவரில் சாய்ந்தபடி நீ உட்கார்ந்திருந்தாய். மடியில் உன் வெண்கலச் செம்பு, காலியாக. கையைத் தொட்டேன். உடம்பில் இன்னும் கொஞ்சம் சூடு இருந்தது. உள்ளே ஓடிப்போய்த் தண்ணீர் கொண்டுவந்து உன் வாயில் விட்டேன். அது கடைவாய் வழியாக வெளியே வந்தது.

மூன்றாவது தடவை உனக்குக் கூப்பிட முடியவில்லையா? இல்லை, கூப்பிட்டால் இவன் வந்துவிடுவான், இவனுக்கும் ஒட்டிக்கொள்ளும் என்று விட்டுவிட்டாயா? பாயில் புரண்டு புரண்டு இதைக் கேட்டுக்கொண்டேதான் கிடக்கிறேன். முதலாவது என்றால் நான் பாவி. இரண்டாவது என்றால் பெரிய பாவி. உன் பிள்ளைகள் வந்தபோது, தூங்கிவிட்டேன், காதில் விழவில்லை என்று சொன்னேன். நம்பினார்கள். எனக்கு நோயும் வரவில்லை. வந்திருந்தால் தேவலை என்று எத்தனையோ நாள் இருந்திருக்கிறது.

அன்றையிலிருந்து எனக்கு ஒரு பழக்கம். யாராவது வாசலில் என் பேரில் முதல் எழுத்தைச் சொன்னாலே ஏன் என்று கேட்டுவிடுவேன். பால்காரி என் பேரை முழுசாகச் சொன்னதே இல்லை. கிழத்துக்குக் காது ரொம்பக் கூர்மை என்று தெருவில் கேலி பேசுகிறார்கள். பேசட்டும்.

இன்று மத்தியானம் என் மருமகள் பேத்தியிடம், "மூணாவது கூப்பாட்டுக்குத்தான் பதில் சொல்லணும்" என்று சொல்லிக்கொண்டிருந்தாள். நீ கொண்டுவந்த சங்கதி நம் தெருவை விட்டுப் போகவேயில்லை. அவள் சொல்லி வாயை மூடுவதற்குள் வாசலில் யாரோ, "பெரியவரே" என்றார்கள். நான் எழுந்தேன். மருமகள் ஓடிவந்து என் கையைப் பிடித்துக்கொண்டாள். "இன்னும் ரெண்டு தபா கூப்புடட்டும் மாமா." அவள்மேல் எனக்குக் கோபம் வரவில்லை. கையை மெதுவாக விலக்கிவிட்டுத் தாழ்ப்பாளை நீக்கினேன்.

கிணற்றுக்கு மருந்து போடுகிற ஆள்தான். வெயிலில் வந்தவன், குடிக்கத் தண்ணீர் கேட்டான். காய்ச்சி ஆறவைத்த தண்ணீரைச் செம்பு நிறையக் கொண்டுவந்து என் கையாலேயே கொடுத்தேன். நின்றபடியே குடித்து முடித்துவிட்டு, "இன்னா பெரியவரே, ஆர்கிட்ட பேசிகினு வந்தீங்க?" என்று கேட்டான்.

அப்போதுதான் தெரிந்தது, எழுந்த இடத்திலிருந்து வாசல் வரைக்கும் நான் வாய்விட்டே சொல்லிக்கொண்டு வந்திருக்கிறேன்: "தோ வந்துட்டேன் அண்ணாத்தே, தோ வந்துட்டேன்."