பெயர் எழுதாத பலகை

பாஸ்,

இன்று காலை உம்மா வட்டிலப்ப இனிப்புக்கு முட்டை உடைத்துக்கொண்டிருந்தா. பச்சை முட்டை வாடை ஏறியதும் நினைவில் நான் உங்கள் படப் பட்டறையில் நின்றேன். அங்கே மஞ்சள் கருவில்தான் சாயம் கரையும்.

"என்னடா மனெ, கிரீஸ் கிழவன்ட நினைப்பா? தின்னுற சாமானப் பலகையில பூசின மனிசன்!" உம்மா சிரித்தா.

நீங்கள் மௌத்தாகி, மண்ணுக்குள் போய் ஒரு வருடம்.

நான் டிப்ளோமா முடித்து, ஏசி திருத்த ஏதென்ஸ் வந்தவன். அந்த வேலை போனபின் உங்களிடம் புனிதர் படங்களுக்குப் பலகை தயார்படுத்தச் சேர்ந்தேன். முதல் நாளே சொன்னேன்: "நான் முஸ்லிம். முகம் கீற மாட்டன், பாஸ்."

"முகம் என்ட வேலை. பலகை உன்ட வேலை." உங்கள் கிரேக்கம் எனக்குக் கல்முனைத் தமிழாகத்தான் கேட்டது.

பன்னிரண்டு வயதில் ஒரு துறவியிடம் தூரிகை கழுவப் போனவர் நீங்கள். பிறகு ஐம்பது வருடம், மலைத் தேவாலயங்களுக்கெல்லாம் புனிதர்களை வரைந்தீர்கள். ஒன்றிலும் உங்கள் பெயர் இல்லை. "பிஸ்கட் பக்கெட்டிலயும் பேர் கிடக்கே" என்று நக்கலடித்தேன்.

"கும்பிட வாறவனுக்கு என்ட பேர் எதுக்கு?"

உங்கள் ஊர்த் திருநாளுக்கான பலகையைக் கெடுத்தவன் நான். எட்டுப் பூச்சுச் சுண்ணப் பசை. ஒவ்வொன்றும் தானாகக் காய வேண்டும். எனக்கேது பொறுமை? சூடு ஊதும் ஹீட் கன் பிடித்தேன். நீங்கள் முகம் வரைந்து முடித்த பிறகு, மாதாவின் கன்னத்தில் குறுக்கே பூச்சு வெடித்தது. திருநாளுக்கு நான்கே நாள்.

பாதிரியார் வந்து கத்தினார்: "ஆர் செய்த வேலை?" ஊருக்கு டிக்கட் போட வேண்டியதுதான் என்று நினைத்தேன்.

"பட்டறை செய்த வேலை. பட்டறை திரும்பச் செய்யும்" என்றீர்கள் நீங்கள்.

அவர் போனதும் கேட்டேன், ஏன் என்னைக் காட்டிக்கொடுக்கவில்லை என்று. "படத்தில செய்தவன் பேர் இல்ல. பிழையில மட்டும் என்னத்துக்கு?" என்றீர்கள். நீங்கள் வரைந்த முகத்தை நீங்களே சுரண்டத் தொடங்கினீர்கள். அந்தத் திருநாள் படமில்லாமலே நடந்தது.

இப்போது கல்முனையில் எனக்கு மீன்பிடி பைபர் வள்ளப் பட்டறை. போன வாரம், புதிதாய் வேலைக்குச் சேர்ந்த என் மச்சான் அடிப்பூச்சு காயுமுன் பெயின்ட் அடித்துவிட்டான். வள்ளத்தின் ஒரு பக்கம் முழுக்கக் கொப்புளம். பாண்டிருப்பு ஊர் வள்ளக்காரர் குதித்தார்: "ஆருடா இத அடிச்ச? அவனக் கூப்பிடு!"

மச்சான் காலடி மணலைப் பார்த்துக்கொண்டு நின்றான்.

"பட்டறை செய்த வேலை, அண்ணன். பட்டறை திரும்பச் செய்யும்."

மனிதர் ஏசிக்கொண்டே போனார். மச்சான் கையில் ஒரு சுரண்டியைக் கொடுத்தேன். மற்றதை நான் எடுத்துக்கொண்டேன்.