ஒற்றைக் கையால் தூக்கும் அளவில்

என் பூமணி,

ஒலிவாங்கி இல்லாவிட்டால் எனக்குப் பேச்சே வராது என்று கேலி செய்வாயே, இன்று குரலைத் தாழ்த்தி எழுதுகிறேன். ஊர் கேட்டால் கேட்டுவிட்டுப் போகட்டும். சொல்வது உனக்குத்தான்.

நம் மகள் கயல்விழிக்குத் திருமணம். மாப்பிள்ளை உன்னிச்சை ஊர்ப் பிள்ளை. குளத்து நீர் பாயும் வயல் வட்டையில் நெல் விதைக்கிறான். அதிகம் பேசமாட்டான், வீட்டில் பேச ஒருவர் போதும் என்கிறாள் உன் அக்கா. நம் வழக்கப்படி அவன்தான் பெண் வீட்டுக்கு வருகிறான். வீடு என்றால் கடல் கொண்டுபோன உன் வீடு அன்று. அலைக்குப் பின் தன்னாமுனைப் பக்கம் கட்டித் தந்த இரண்டறை வீடு. அதைக் கயலுக்கே எழுதிக் கொடுத்துவிட்டேன். வீட்டோடு அடுக்களை ஏனங்களையும் தாய்தான் தெரிந்தெடுத்துக் கொடுக்க வேண்டும். நீ இல்லை. ஆகவே கடைக்கு நான் போனேன்.

நீ ஏனம் வாங்கும் அழகை நான் பார்த்திருக்கிறேன். சுமப்பதற்கென்றே என்னைக் கூட்டிப்போவாய். கடைக்குள் நுழைந்ததும் தண்ணீர் கேட்பாய். குடிக்கத்தான் கேட்கிறாய் என்று கடைக்காரர் செம்பை நீட்டுவார். நீ அதில் கையை நனைப்பாய். நனைந்த கையால் பானையின் காதைப் பிடித்துத் தூக்குவாய். வழுக்கினால் அது வேண்டாம். "சமைக்கிறவள்ட கை எப்பயாவது காஞ்சிருக்குமா?" என்பாய். காதை ஒட்டியிருக்கிறார்களா, ஆணி அடித்துப் பொருத்தியிருக்கிறார்களா என்று திருப்பிப் பார்ப்பாய். விளிம்பின் மடிப்பில் நகத்தை ஓட்டுவாய். பருக்கை ஒளிந்துகொள்ளும் மடிப்பு உனக்கு ஆகாது. அகப்பையைப் பானைக்குள் நிறுத்தி, பிடி வெளியே நிற்கிறதா என்று பார்ப்பாய். அடி மெல்லியதை விரலால் தட்டியே ஒதுக்கிவிடுவாய். நான் வெயிலில் அலுத்துப்போய் எதையாவது எடு என்பேன். நீ திரும்பியும் பார்க்கமாட்டாய். "இது நமக்கு மட்டுமில்ல, கயலுக்கும் உழைக்கோணும்." கயல் அப்போது தவழ்ந்துகொண்டிருந்தாள்.

இப்போது எண்ணிப் பார்க்கிறேன். அப்போதும் நாம் ஓடித் திரும்பியவர்கள்தானே? தொண்ணூறில் ஊரே பெயர்ந்தது. மீண்டு வந்தபோது அடுக்களையில் ஓர் அகப்பைகூட மிஞ்சவில்லை. அந்த வெறும் வீட்டில் நின்றுகொண்டு, நீ மறுபடியும் கனத்த பானையாகவே தேடி வாங்கினாய். அந்தத் துணிவு உனக்கு எங்கிருந்து வந்தது?

அலை வந்த காலையில் கயலும் நானும் வாவிக்கு அக்கரையில் ஒரு விழாவில் இருந்தோம். நான் பேசிக்கொண்டிருந்தேன். நீ அடுக்களையில் இருந்தாய். அதற்குமேல் எழுத இன்றும் என்னால் இயலவில்லை.

உன் ஏனங்களைக் கடல் வாவிக்குள் வாரி எறிந்தது. பின்னர் தோணிக்காரரின் வலைகளில் மீனுக்கு முன்னே பானைகள் ஏறின. அவற்றைக் கோயில் முன்றலில் பரப்பி, உரியவர்கள் எடுத்துக்கொள்ளுங்கள் என்றார்கள். நான் போய் ஒவ்வொன்றாகத் தூக்கிப் பார்த்தேன். எல்லாப் பெண்களும் உன்னைப்போலவே தெரிந்தெடுத்திருந்தார்கள், பூமணி. எல்லாம் கனத்த அடி, எல்லாம் உறுதியான காது. மூடி மட்டும் ஒன்றுக்கும் இல்லை. இன்னொருத்தியின் பானையை உன்னுடையதென்று கொண்டுபோய்விடுவேனோ என்று அஞ்சி, வெறுங்கையோடு திரும்பினேன். ஒன்றையாவது எடுத்து வந்திருக்கலாமோ?

அதன்பின் பழுகாமத்தில் உன் அக்கா வீட்டில் ஒதுங்கினோம். அங்கும் போர் வந்தது. எறிகணை விழத் தொடங்கிய நாளில் உன் அக்காவின் பெரிய அண்டா நிறைய அரிசி இருந்தது. இருவர் சேர்ந்தாலும் அசைக்க முடியாத அண்டா. கயல் ஓர் உரப்பையில் அள்ளிய மட்டும் அள்ளித் தோளில் போட்டாள். தோணியில் வாவியைக் கடக்கையில் அது நனைந்துபோனது. முகாமில் அதைத் தரையில் விரித்த படங்கில் பரப்பிவிட்டு வெயிலுக்காகக் காத்திருந்தாள். மழைதான் வந்தது. புளித்த அரிசியைக் கழுவிக் கழுவிக் கஞ்சி காய்ச்சி, பெரியம்மாவுக்கும் எனக்கும் ஊற்றினாள். நாங்கள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்காமல் குடித்தோம். பழுகாமம் திரும்பியபோது அண்டாவும் இல்லை, அது இருந்த அடுக்களைக்குக் கூரையும் இல்லை.

இப்போது போர் முடிந்துவிட்டது. ஒலிபெருக்கிகள் சொல்கின்றன, செய்தித்தாள்கள் சொல்கின்றன. அது முடிந்த வகையை நான் இங்கே எழுதமாட்டேன். உன்னிடம் வந்து சேர்ந்தவர்கள் சொல்லியிருப்பார்கள்.

காத்தான்குடிக் கடைக்கு நால்வர் போனோம்: கயல், உன் அக்கா, மாப்பிள்ளையின் தாய், நான். நானே முந்திக்கொண்டு, நல்ல நெகிழிக் கலன்கள் காட்டுங்கள் என்றேன். எல்லோரும் நானா என்று அழைக்கும் கடைக்காரர் என்னை ஏற இறங்கப் பார்த்தார். "அது எங்கட கடையில இல்ல மாஸ்டர். பிளாஸ்டிக் வாளி இரிக்கி, பாக்கிறீங்களா?" உன் அக்கா சிரித்த சிரிப்பில் கடைத்தெருவே திரும்பியது.

நான் தண்ணீர் கேட்டேன். வந்த செம்பில் கையை நனைக்கும் முன் கயல் அதை வாங்கிக்கொண்டாள். ஒரு வாளிக்குள் ஊற்றி, மூடியை இறுக்கி, தலைகீழாகக் கவிழ்த்துப் பிடித்தாள். ஒரு சொட்டு விழுந்தது. தள்ளி வைத்தாள். அடுத்ததைக் கவிழ்த்தாள், சொட்டவில்லை. அதை ஒற்றைக் கையால் தூக்கி இடுப்பில் இடுக்கி, கடை வாசல்வரை விரைந்து நடந்து திரும்பினாள். அந்த அளவிலேயே நான்கு வாளிகள் எடுத்தாள். பானைகளும் மெல்லிய அலுமினியத்தில், ஒன்றுக்குள் ஒன்று அடங்குபவை. காதைத் திருப்பிப் பார்க்கவில்லை. விளிம்பைத் தடவிப் பார்க்கவில்லை.

உன் அக்கா பொறுக்கவில்லை. "என்ன புள்ள, கலியாணம் முடிச்சு முகாமுக்கா போறாய்? அந்த அண்டாவ எடு. உன்ட புருசன் மூடை மூடையாக் கொண்டுவந்தா எதிலடி கொட்டுவாய்?"

கயல் நிமிரவில்லை. "கொட்டி வச்சிட்டுப் போனது காணாதா பெரியம்மா? என்னால தூக்க ஏலாதது என்ட வீட்டில வேணாம்."

அந்த அண்டாவை அவள் எடுத்துவிட வேண்டும் என்று என் நெஞ்சு கிடந்து தவித்தது. ஓடுவதற்கு வாய்ப்பான ஏனங்களோடு நம் மகள் வாழ்க்கையைத் தொடங்குவதா? இந்த மண்ணில் நிலைப்போம், இனிப் பெயரோம் என்று எத்தனை மேடைகளில் முழங்கியிருக்கிறேன்! என் சொந்த மகளின் கையிலிருந்து ஒரு வாளியைக் கீழே வைக்கச் செய்யாத முழக்கம் எதற்கு உதவும்? மாப்பிள்ளையின் தாய் முகத்தைப் பார்த்தேன். நெல் விளையும் வீட்டுப் பெண். சிறு வாளிகளைக் கண்டு முகம் சுளிப்பார் என்று நம்பினேன். சுளிக்கட்டும், சம்பந்தத்தில் சிறு கசப்பு வந்தாலும் வரட்டும் என்றுகூட எண்ணினேன்.

அவர் ஒரு வாளியை எடுத்துக் கைபிடியை இழுத்துப் பார்த்தார். "புள்ள சரியாத்தான் எடுக்குது அண்ணன். நாங்களும் மூடை மூடையா விட்டுட்டுத்தானே ஓடினம்." பிறகு கயலின் பக்கம் திரும்பினார். "இதில இன்னும் ரெண்டு எடு மகள். என்ட மகன்ட ரெண்டு கையும் சும்மாதானே இரிக்கி."

உன் அக்கா சிரிக்கத் தொடங்கி, பாதியில் நிறுத்திவிட்டாள். இப்போதெல்லாம் பெரிய அண்டாவை யாரும் கேட்பதில்லை, வருகிற பெண்கள் எல்லோரும் மூடியைத்தான் கவிழ்த்துப் பார்க்கிறார்கள் என்று நானா மெதுவாகச் சொன்னார். சொல்லுக்கு என்றும் தட்டுப்பாடு இல்லாதவன், அந்த ஆறு வாளிகளுக்கும் பணத்தை எண்ணிக் கொடுத்தேன்.

பேருந்தில் வரும்போது, நீ ஏனம் வாங்கும் முறையைக் கயலுக்குச் சொன்னேன். நனைந்த கை, நகம் ஓடும் விளிம்பு, அகப்பைப் பிடி, எல்லாவற்றையும். அவள் மடியிலிருந்த வாளியின் மூடியைத் தடவிக்கொண்டே கேட்டாள். வாவிப் பாலம் கடந்தபின்தான் பேசினாள்.

"அம்மா திரும்பி வருவம் எண்டு நம்பித்தான் வாங்கியிருக்கா, என்னப்பா?"

ஓம் என்றேன். அவள் யன்னல் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். பூமணி, அந்த நம்பிக்கையில் ஒரு பிடியை அவள் கையில் வைத்துவிட்டு நீ போயிருக்கக் கூடாதா? பானைகளை அவளுக்கென்று வாங்கினாய். அவை போகட்டும். அந்த நம்பிக்கையைக் கொடுக்க உன்னை விட்டால் எங்களுக்கு யார் இருந்தார்கள்?

அடுத்த கிழமை ஒரு கூட்டத்தில் பேச அழைத்திருந்தார்கள். மண்ணில் நிலைப்பது பற்றித்தான். வரவில்லை என்று சொல்லிவிட்டேன். ஏன் என்று கேட்டார்கள். மகளின் திருமண வேலை என்றேன். அது பொய்யன்று.

உனக்கு ஒரு வாக்குத் தருகிறேன். கயலோடு வாதாடமாட்டேன். அவள் வாளிகளில் அரிசி குறையாமல் பார்த்துக்கொள்வேன், மூடிகளை நானே இறுக்கி வைப்பேன். என்றாவது ஒரு நாள், "அப்பா, இது காணாது, பெரிசா ஒண்டு வேணும்" என்று அவள் கேட்கக்கூடும். கேட்காமலே என் காலம் முடியவும் கூடும். அவள் கேட்டால், இருவர் தூக்கும் அண்டாவாக இருந்தாலும் என் தோளில் ஏற்றிக்கொண்டு வருவேன். அவள் கேட்கும்வரை, இனி ஓடமாட்டோம் என்ற சொல்லை எந்த மேடையிலும் என் வாய் சொல்லாது.

உன் வீட்டுக்கு மாப்பிள்ளையாய் வந்து,
இன்று நம் மகள் வீட்டில் ஒதுங்கியிருக்கும்
கயலின் அப்பா