திருநள்ளாற்றில் விட்டுவந்த நீலச் சட்டை

என் தங்கம் பாலாவுக்கு,

போன ஞாயிறு மத்தியானம் என் பேரன் தினேஷ் டிவியில் ஒரு படம் போட்டான். இரண்டு பையன்களுக்குள் காதல். அதை நோய் என்று நினைத்து ஒருவனை வீட்டார் சிகிச்சைக்கு அனுப்புகிறார்கள். "குணமாகிவிட்டேன்" என்று சொல்லும்வரை அவனை விடுவதில்லை. அனுப்பும் அம்மாவை வாயாரத் திட்டலாம் என்று உட்கார்ந்திருந்தேன். அவளோ அழுதுகொண்டே மகன் பையில் ஊறுகாய் பாட்டில் வைக்கிறாள். நானும் அதைத்தானே கட்டிக் கொடுத்தேன், பாலா? எழுந்துபோக நினைத்தேன். தினேஷ் என் கையை விடவில்லை.

தாயில்லாப் பிள்ளை தினேஷை வளர்த்தவள் என்ற கர்வம் எனக்கு. உங்கள் காதல் தெரிந்ததும் கூட்டிப்போன சென்னை டாக்டர் அவனை மாற்றிவிடலாம் என்றார். சம்மதத் தாளில் நான் கைரேகை வைக்க நர்ஸ் மை எடுத்தாள். அஞ்சாவது படித்தவள் நான் என்று கையெழுத்தே போட்டேன். ஊசியும் மாத்திரையுமாக, சோறு பிசையக்கூட அவனுக்குக் கை நடுங்கியது.

அது போதாதென்று திருநள்ளாறு. குளத்தில் முழுகி, உடுத்திய துணியை அங்கேயே விட்டுவந்தால் பீடை போகும் என்று நம்பினேன். அன்று போட வேண்டிய சட்டையை நான்தான் எடுத்துக் கொடுத்தேன். நீ தீபாவளிக்கு வாங்கித் தந்த நீலச் சட்டை. ஈரத்தோடு கழற்றும்போது என்னை ஒரு பார்வை பார்த்தான்.

பிறகு நீ வாசலில் வந்து நின்றாய்.

"அம்மாச்சி, தினேஷ் எப்படி இருக்கான்?"

"யாருக்கு யாருடா அம்மாச்சி? அவன் குணமாயிட்டான். இனிமே இந்தப் பக்கம் வராத."

"சரிங்க. அவன நேரத்துக்குச் சாப்பிடச் சொல்லுங்க."

அதைக்கூட நான் அவனிடம் சொல்லவில்லை.

நீ காமாலையில் கிடப்பதாக மீன்காரம்மா சொன்னாள். வைத்தியம் கெட்டுவிடும் என்று அதையும் மறைத்தேன். கோட்டுச்சேரிமேட்டில் உன் பாடையைத் தூக்கிப்போனபோது, சேதி கேட்டு ஓடிய அவன் உங்கள் தெருமுனையில் யாரோ மாதிரி நின்றானாம். அவனைப் பார்த்திருந்தால் நீ பிழைத்திருப்பாயா? தெரியாது. ஒருமுறை பார்த்திருப்பாய்.

இப்போது அவனுக்கு மாத்திரை எதுவும் இல்லை. நெரவிப் பக்கம் ஒரு பள்ளிக்கூடத்தில் கணக்கு வாத்தியாராக இருக்கிறான். நேரத்துக்குச் சாப்பிடுகிறான். உன் அம்மாவிடம் நீ எல்லாம் சொல்லியிருந்தாயாமே. "அந்தப் புள்ளய ஒருநாள் சாப்பிடக் கூட்டிட்டு வா" என்றாளாம். அவள் பள்ளிக்கூடமே போகாதவள்.

உன் வருஷப் படையலுக்கு அவள் தினேஷைக் கூப்பிட்டிருக்கிறாள். நானும் வருவேன். அவள் காலில் விழுவேன். அவனைத் தெருமுனையில் நிற்க விடமாட்டேன். புதுசாக ஒரு நீலச் சட்டை எடுத்திருக்கிறேன், உன் போட்டோ முன்னால் வைக்க. படைத்த துணியை வீட்டு ஆள்தானே உடுத்த வேண்டும்? அதை அவன் போட்டுக்கொள்வான்.

நீ அன்று கூப்பிட்டபடியே,
உன் அம்மாச்சி