அப்பாவின் நேர்த்தியும் புதுக் குளிசையும்

குருநகர்,
செவ்வாய்க்கிழமை

அன்பு மகன் எமில்ராஜுக்கு,

மாதாவின் கருணையால் இங்கே நாங்கள் சுகம், நீயும் மருமகள் ஷெரோனும் அந்தக் குளிருக்குள் சுகமாக இருக்க அம்மா நாளும் மன்றாடுகிறேன். போனில் சொன்னால் அப்பா பக்கத்தில் வந்து நின்று கதையை மாற்றிவிடுவார், அதுதான் எழுதுகிறேன். சிரிப்பை அடக்க முடியவில்லை, எழுத்து கோணினால் குறை நினைக்காதே.

போன மாதம் அப்பாவின் இரத்தத்தில் ட்ரைகிளிசரைட் என்ற கொழுப்பு அறுநூறைத் தாண்டி நின்றதென்று சொன்னேனே, அன்று தொடக்கம் எனக்கு நெஞ்சு பதறிக்கொண்டே இருந்தது, ஒரு மாரடைப்பில் தப்பிய மனிதர் இன்னொன்றைத் தாங்குவாரா என்று. உன் சித்தப்பா இன்னாசித்தம்பி வந்து, "அண்ணை, உதுக்கு நான் போடுற குளிசை இருக்கு, போட்டுப் பாருங்கோ" என்று ஜெம்பிப்ரோசில் அட்டை ஒன்றைத் தந்துவிட்டுப் போனார். அப்பா உடனே வாயில் போடப் பார்த்தார், நான் பறித்து இடுப்பில் செருகிக்கொண்டு அவரைக் கிளினிக்குக்கு இழுத்துப் போனேன். டொக்டர் அட்டையைப் பார்த்துவிட்டு, மருந்தில் பிழையில்லை, ஆனால் மாரடைப்புக்குப் பிறகு ஐயா போடும் ஸ்ரற்றின் என்ற கொலஸ்ட்ரோல் குளிசையோடு இது சேர்ந்தால் தசையைக் கெடுக்கும், இவருக்கு பீனோபைப்ரேட்தான் பொருந்தும், சிறுநீரகத்தைச் சோதித்துவிட்டுத் தருகிறேன் என்றார். நான் பறித்த கெட்டித்தனத்தை இந்தத் தெரு முழுக்கச் சொல்லித் திரிகிறேன்.

இனித்தான் கூத்து. குடிப்பழக்கம் உண்டா என்று டொக்டர் கேட்டார். அப்பா நெஞ்சை நிமிர்த்தி, "மாரடைப்பு வந்த அண்டைக்கே அந்தோனியாருக்கு நேர்த்தி வைச்சு விட்டிட்டன், ஒரு சொட்டும் தொடுறேல்லை" என்றார். நானும் ஓம் ஓம் என்று தலையாட்டினேன். அப்படியென்றால் பின்னேரத்தில் எப்படிப் பொழுது போகிறது என்று டொக்டர் சும்மா கேட்க, "கிழிஞ்ச வலையைப் பொத்திப்போட்டுத் தவறணைக்குப் போவன், ரெண்டு போத்தல் கள்ளு, அவ்வளவுதான்" என்றாரே பார்க்கலாம்! சத்தியமாக எங்கள் இரண்டு பேருக்கும் அது குடியென்று தோன்றவே இல்லை, நேர்த்தி சாராயத்துக்குத்தானே. டொக்டர் பேனையை வைத்துவிட்டு விழுந்து விழுந்து சிரித்தார், பிறகு முகத்தை இறுக்கிக்கொண்டு, கள்ளும் இந்தக் கொழுப்பை ஏற்றும், அதைக் குடித்துக்கொண்டு குளிசை போட்டுப் பயனில்லை என்றார்.

அப்பா சில நாள் முகத்தைத் தூக்கி வைத்திருந்தார், ஆனால் கள்ளை விட்டுவிட்டார், டொக்டர் தந்த புதுக் குளிசையையும் ஒழுங்காகப் போட்டார். இன்றைக்கு மறு ரிப்போர்ட் வந்தது மோனை, இருநூறுக்குக் கிட்ட இறங்கிவிட்டது! அந்தோனியார் செய்தது என்கிறார் அப்பா, அவர் கள்ளை விட்டதாலும் குளிசையாலும்தான் என்கிறேன் நான், யார் செய்தாலென்ன, என் மனிதர் எனக்குக் கிடைத்துவிட்டார், கிளினிக் வாசலிலேயே சிரித்துச் சிரித்து அழுதேன்.

ஒன்று மிச்சம். இந்தக் கொழுப்பு சில குடும்பங்களில் பரம்பரையாக வரும், பிள்ளைகள் இருக்கிறார்களா என்று டொக்டர் கேட்டார். ஒரு மகன், வெளிநாட்டில், குடியே கிடையாது, பியர் மட்டும்தான் என்று சொல்லிக்கொண்டு போனவள் பாதியில் நின்றுவிட்டேன். அப்பா என்னைப் பார்த்தார். அப்போது எங்களில் ஒருவரும் சிரிக்கவில்லை.

இந்தக் கிழமையே வெறும் வயிற்றோடு போய் இரத்தம் சோதிக்கக் கொடு ராசா. ஆண்டவர் உங்கள் இருவரையும் காக்கட்டும், ஷெரோனுக்கு என் முத்தங்கள்.

உன் ரிப்போர்ட்டைப் பார்க்கும்வரை நித்திரை கொள்ளாத அம்மா,
லூர்த்தம்மா